மூன்று திரையா, வி.ஆர். ஹெட்செட்டா? வீட்டில் விமானம் ஓட்டப்போகும் தம்பிக்கு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில், பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருந்துகொண்டு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அங்கிள், 4,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. ஃப்ளைட் சிமுலேட்டருக்கு மூன்று பெரிய திரை வாங்கி வரிசையாக வைக்கலாமா, இல்லை வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா? தலை சுற்றும் என்கிறார்களே, உண்மையா? அப்பா இன்னும் விமானமே ஏறியதில்லை. அவரையும் உட்காரவைத்து தாத்தா ஊரான திருச்சிப் பக்கம் காட்டணும்."

வி.ஆர். ஹெட்செட் என்பது கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் திரை; தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்பும். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று திரை வேண்டாம். சின்ன விமானத்தை வெளியே பார்த்துப் பார்த்துக் கண்ணால் ஓட்டுகிறவர் என்றால் ஹெட்செட் வாங்குங்கள். ஏர்பஸ், போயிங் என்று பொத்தான்களைத் தட்டிக்கொண்டு நாலு மணி நேரம் போகிறவர் என்றால் இருக்கிற ஒரு திரையே போதும், காசை வங்கியிலேயே விடுங்கள். கழுத்துக்கு வேலை உள்ள பறத்தலுக்கு ஹெட்செட், விரலுக்கு வேலை உள்ள பறத்தலுக்குத் திரை. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

நான் விமானி இல்லை. சுபாங் விமான நிலையத்தில் விமானங்களின் மின்னணுக் கருவிகளைக் கழற்றிப் பூட்டி ஓய்வுபெற்றவன். காக்பிட்டில் உட்கார்ந்த நேரம் அதிகம்தான், ஆனால் எல்லாம் ஹேங்கருக்குள், தரையில், கையில் திருப்புளியோடு. அந்த ஏக்கத்தில்தான் ஊருக்குத் திரும்பியதும் வீட்டின் பின்அறையில் சிமுலேட்டர் கட்டினேன். முதலில் ஒரு திரை, பிறகு மூன்று திரை, இப்போது ஹெட்செட். மூன்று திரையும் இன்று அலமாரிக்குப் பின்னால் துணி போர்த்தி நிற்கின்றன.

ஹெட்செட் என்ன தருகிறது என்று புரிய, நம் ஈப்போ விமான நிலையத்தில் ஒரு சுற்று போய் வருவோம். ஓடுபாதைக்கு ஒரு முனையில் 04, மறுமுனையில் 22 என்று எண். திசைகாட்டியில் 40 பாகை, 220 பாகை என்று பொருள். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் 04-இலிருந்து கிளம்புகிறீர்கள். இடது பக்கச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 1,000 அடி ஏறி, இரண்டு முறை இடது பக்கம் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் 220 பாகையில் போகிறீர்கள். இப்போது ஓடுபாதை உங்கள் இடது தோளுக்கு வெளியே கிடக்கிறது. அதில் நீங்கள் இறங்கப்போகும் முனை தோளுக்கு நேராக வரும்போது விசையைக் குறைக்க வேண்டும். முனை பின்னால் நகர்ந்து, தோளுக்கு 45 பாகை பின்னே போனதும் அடுத்த திருப்பம். பிறகு கடைசித் திருப்பம். அப்புறம்தான் ஓடுபாதை முன்கண்ணாடியில் வரும்.

கவனித்தீர்களா? இறங்குவதற்கான முக்கிய முடிவு எல்லாமே ஓடுபாதை முன்னால் இல்லாதபோது எடுக்கப்படுகிறது. திரையில் இதைச் செய்ய ஜாய்ஸ்டிக் தலையில் உள்ள குமிழைத் தள்ள வேண்டும். காட்சி வெடுக்கென்று இடப்பக்கம் தாவும், முன்னால் மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்த நேரத்தில் தெரியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் உயரத்தில் 200 அடி போயிருக்கும். எனக்கு வருஷக்கணக்கில் இப்படித்தான். கடைசித் திருப்பத்தை ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய், பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஓடுபாதைக்கு வருவேன். ஹெட்செட் போட்ட முதல் வாரத்திலேயே அது நின்றுவிட்டது. நான் எதுவும் புதிதாகக் கற்கவில்லை. மோட்டாரில் சந்தைக்குப் போகும்போது பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்ப்போமே, அதே மாதிரி தோளுக்கு மேல் பார்த்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்று அளவு. சாதாரணத் திரையில் காட்சியைச் சுருக்கித்தான் காட்ட முடியும், அதனால் ஓடுபாதை எப்போதும் நிஜத்தைவிடச் சின்னதாகத் தெரியும். ஹெட்செட்டில் எல்லாம் நிஜ அளவு. டாஷ்போர்டு கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பதாகக் கண் நம்புகிறது. தரையைத் தொடும் முன் மூக்கை மெல்லத் தூக்கும் அந்தக் கடைசி நொடிகளில் இந்த நம்பிக்கை பெரிய உதவி.

சரி, அது பிடுங்கிக்கொள்வது என்ன? முதலில் எழுத்து. நல்ல கண், பார்வையின் ஒரு பாகைக்குள் சுமார் 60 பிக்சல் (படத்தின் புள்ளி) வரை பிரித்தறியும். 24 அங்குலச் சாதாரணத் திரையை 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் பாகைக்கு 40 போல வரும். குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் சுமார் 25. அதாவது கையில் இருக்கும் பழைய திரைகூட ஹெட்செட்டைவிடக் கூர்மை. முள் வைத்த பழைய கருவிகளைப் படிப்பதில் சிரமம் இல்லை, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். ஏர்பஸ்ஸின் கணினித் திரையில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க முகத்தை முன்னால் கொண்டுபோக வேண்டிவரும். நாலு மணி நேரம் அப்படிக் குனிந்து எழுந்தால் கழுத்து என்ன ஆகும்? மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வி.ஆர். காட்சியைப் பெரிதாக்க ஒரு பொத்தான் உண்டு. அதை ஜாய்ஸ்டிக்கில் மாட்டிக்கொள்ளுங்கள், ஓரளவு தப்பிக்கலாம்.

இரண்டாவது கை. ஹெட்செட் போட்டால் விசைப்பலகை தெரியாது, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தெரியாது, தேநீர்க் குவளை தெரியாது. (குவளை விஷயத்தில் என் வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.) மூக்குப் பக்கத்து இடைவெளி வழியாக ஒன்றிரண்டு பொத்தான்களைத் திருட்டுத்தனமாகப் பார்க்கலாம். ஆனால் உண்மையான வழி தொட்டுப் பழகுவதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, சொல்லும் விசையைத் தொட்டுக் காட்டச் சொல்லும் பயிற்சி இருந்தது. நான் செய்தது அதன் வீட்டுப் பதிப்பு: கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி, சக்கரத்துக்கு ஒரு பொட்டு, இறக்கையின் பின்பக்கத் தகடான ஃபிளாப்புக்கு இரண்டு பொட்டு, காட்சியை நேராக்கும் பொத்தானுக்கு மூன்று பொட்டு என்று ஒட்டிவிட்டேன். என் த்ராட்டிலைப் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், விரலுக்குத் தெரிகிறது.

இங்கே ஒரு பழைய சங்கதி. வீட்டு சிமுலேட்டருக்கெல்லாம் கொள்ளுப்பாட்டன் என்று சொல்லத்தக்க லிங்க் பெட்டியை 1929-இல் அமெரிக்காவில் எட் லிங்க் என்பவர் செய்தார். அவர் குடும்பத் தொழில் ஆர்கன் வாத்தியம் செய்வது. வாத்தியத்துக்குக் காற்றூதும் துருத்திகளையே வைத்து அந்தப் பெட்டியை ஆட்டவும் சாய்க்கவும் வைத்தார். நம் ஆர்மோனியத்துக்கு உள்ளே இருக்கும் துருத்திக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் உட்கார்ந்தால் மூடி போட்டு வெளியே எதுவும் தெரியாமல் செய்துவிடுவார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகவே அது. ஹெட்செட் அப்படியே தலைகீழ். வெளியே எல்லாம் தெரிகிறது, கருவிதான் மங்கல். அதனால் மேகத்துக்குள் கருவியைப் பார்த்துப் பறக்கப் பழக வேண்டும் என்றால் திரையே மேல் என்பேன். எத்தனை விலை உயர்ந்த ஹெட்செட்டாக இருந்தாலும் இதில் என் கருத்து மாறாது.

இனி படத்தை வரைந்து தரும் உங்கள் 3060 கார்டுக்கு வருவோம். கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். உங்கள் திரை 1920 பெருக்கல் 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்சல். நொடிக்கு 30 படம் வந்தாலே திரையில் விமானம் ஓட்டலாம், ஆக நொடிக்கு 6 கோடிப் பிக்சல் சொச்சம். குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064 பெருக்கல் 2208, இரண்டு கண்ணுக்குமாக 91 லட்சம். குறைந்தது நொடிக்கு 72 படம். பெருக்கினால் 65 கோடியைத் தாண்டுகிறது. பத்து மடங்கு! லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட இதற்கு மேலும் வரைய வேண்டும் என்பது தனி. 3060 இதைத் தாங்காது. அதனால் என்ன செய்வார்கள் என்றால், பாதிப் படத்தைக் கார்டு வரையும், மீதிப் பாதியை மென்பொருள் இரண்டு படங்களின் அசைவை வைத்து ஊகித்து நிரப்பும். அதாவது 36 படம் நிஜம், 36 ஊகம். சின்ன விமானம், மெதுவான பறத்தல் என்றால் இது பரவாயில்லை. விமான மூக்கில் சுழலும் விசிறியின் ஓரத்தில் காட்சி தண்ணீர் மாதிரி நெளியும், அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

எனக்கும் முதலில் 3060 தான். மேகத்தைக் குறைத்தேன், தூரத்து நில விவரத்தைக் குறைத்தேன், காக்பிட்டின் கண்ணாடித் திரைகள் புதுப்பிக்கும் வேகத்தைக் குறைத்தேன், விமான நிலையத்தில் மற்ற விமானங்களை எடுத்துவிட்டேன். ஓடியது. எல்லாவற்றையும் கீழே வைத்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மேலே ஏற்றுங்கள். மேலிருந்து இறங்க ஆரம்பித்தால் எது கெடுக்கிறது என்றே தெரியாமல் நாள் போய்விடும். டிஎல்எஸ்எஸ் என்ற வசதி படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கித் தரும், வேகம் கிடைக்கும், ஆனால் கருவியின் எண்கள் அசையும்போது இழுபடும். முள் கருவி உள்ள செஸ்னாவை ஓட்டினால் இந்தத் தொல்லை பாதி.

மென்பொருள் எது என்று கேட்பீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் 2020 பதிப்புக்கு அந்த வருஷம் டிசம்பரிலேயே வி.ஆர். வந்துவிட்டது. 2024 பதிப்பு நவம்பர் 2024-இல் வந்தது, பார்க்க இன்னும் அழகு, ஆனால் நிலக்காட்சியைப் பெரும்பாலும் இணையத்திலிருந்தே இழுக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு குணம் காட்டும் தோட்டத்துப் பக்கத்து இணையத்தில் அது திண்டாட்டம். உங்களுக்கு 2020 போதும். எக்ஸ்-பிளேன் 12-இல் விமானம் காற்றில் நடந்துகொள்ளும் விதம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஏரோஃப்ளை என்று ஒன்று இருக்கிறது, வி.ஆரில் வெண்ணெய் மாதிரி ஓடும், ஆனால் நம் ஊர்ப் பக்கம் அதில் பெயருக்குத்தான் இருக்கும். ஈப்போவுக்கு மேலே பறந்து சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்க முடியாத சிமுலேட்டர் எனக்கு எதற்கு?

ஹெட்செட் எது? உங்கள் தொகைக்குக் குவெஸ்ட் 3 அல்லது குவெஸ்ட் 3எஸ். வெளிவந்தபோது அமெரிக்காவில் முன்னது 499 டாலர், பின்னது 299 டாலர். முடிந்தால் 3 வாங்குங்கள், பிக்சலுக்காக அல்ல, லென்ஸுக்காக. 3எஸ்-இல் இருப்பது வளையம் வளையமாகக் கோடு உள்ள பழைய வகை லென்ஸ். நடுவில் மட்டும் தெளிவு, ஓரத்தில் மங்கல், எந்தக் கருவியைப் பார்க்கவும் மூக்கைத் திருப்ப வேண்டும். 3-இல் கண்ணை மட்டும் திருப்பினால் போதும். நீங்கள் ஜாய்ஸ்டிக் பற்றி எதுவும் எழுதவில்லை. அது இல்லை என்றால் மட்டும் 3எஸ் எடுத்து, மிச்சக் காசில் ஜாய்ஸ்டிக்கும் கால் பெடலும் வாங்குங்கள். பெடல் இல்லாமல் வி.ஆரில் பறப்பது ஒற்றைக் காலில் செருப்புப் போட்டு நடப்பது மாதிரி.

பழைய ஹெச்பி ரிவெர்ப் ஜி2 மலிவாகக் கிடைக்கிறது, கண்ணுக்கு 2160 பெருக்கல் 2160, சிமுலேட்டர்காரர்கள் ஒரு காலத்தில் கொண்டாடிய ஹெட்செட் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற பகுதியையே விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பிறகு தனியாக ஒரு டிரைவர் மென்பொருள் வந்தது, என்விடியா கார்டில் வேலை செய்கிறது. நோண்டத் தெரிந்தவருக்குச் சரி, முதன்முதலாக வாங்குபவருக்கு வேண்டாம். இணையக் கடையில் எதை வாங்கினாலும் பழுதானால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு கண்மணிக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருகி 58 முதல் 71 வரை வைக்கலாம். இதைச் சரியாக வைக்காமல் "வி.ஆர். தலைவலி" என்று திட்டுகிறவர்கள் நிறையப் பேர். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் ஹெட்செட் லென்ஸைக் கண்ணாடி உரசிக் கீறும். உள்ளே பொருத்தும் பவர் லென்ஸ் தனியாகச் செய்து தருகிறார்கள், அதற்குக் காசு ஒதுக்குங்கள்.

கம்ப்யூட்டரோடு இணைக்க யூ.எஸ்.பி. வயர் போதும். வயரில்லாமல் வேண்டும் என்றால் கம்ப்யூட்டரை ரௌட்டரோடு லேன் வயரால் இணைத்து, ரௌட்டரை அதே அறையில் வையுங்கள். இங்கே பலர் குழம்புகிறார்கள்: ஹெட்செட்டுக்குப் படம் போவது வீட்டுக்குள்ளேயே ரௌட்டர் வழியாக. வீட்டு இணைய வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதிக வேகத் திட்டத்துக்கு மாறி மாதாமாதம் கூடக் கட்டாதீர்கள்.

தலைசுற்றல். உண்மைதான் தம்பி, ஒளிக்க மாட்டேன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பழைய பாதையில் பஸ்ஸில் போயிருப்பீர்கள். பின் இருக்கைக்காரன் வாந்தி எடுப்பான், ஓட்டுநர் பாட்டுப் பாடிக்கொண்டு போவார். உடம்பு வளைவை உணர்கிறது, கண் முன் இருக்கையின் முதுகையே பார்க்கிறது. ஹெட்செட்டில் அதுவே திருப்பிப் போட்டது: கண் சாய்கிறது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்கிறது. இந்தச் சண்டை புதிதல்ல. 1957-இலேயே அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரைப் பற்றி இந்தப் புகார் பதிவாகியிருக்கிறது. அங்கே வேடிக்கை என்னவென்றால், புது மாணவர்களைவிட நிஜமாகவே ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகிய பயிற்றுநர்களுக்குத்தான் அதிகம் படுத்தியது. நிஜ அசைவு எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்தவருக்கு, அது வராதபோது கோபம் அதிகம்.

நான் பழகிய விதம் இது. முதல் நாள் விமானத்தை நிறுத்திவைத்து, எஞ்சின்கூடப் போடாமல் ஐந்து நிமிஷம் சுற்றிப் பார்த்தேன். இரண்டாம் நாள் கிளம்பி நேராகப் பத்து நிமிஷம், அவ்வளவே. தரையில் டாக்ஸி செய்யும்போது, அதாவது சக்கரத்தில் உருண்டு போகும்போது, வரும் திருப்பம்தான் வானத்துத் திருப்பத்தைவிட மோசம், அதனால் ஓடுபாதையிலேயே ஆரம்பியுங்கள். வெளியிலிருந்து விமானத்தைப் பார்க்கும் காட்சியைத் தொடவே வேண்டாம். காலுக்குக் கீழே ஒரு மேசை விசிறி, முகத்துக்கு நேராக ஒன்று: காற்று வரும் திசை உடம்புக்கு ஒரு பிடிமானம். சக்கரத்தில் உருளும் அலுவலக நாற்காலி வேண்டாம், நாலு காலும் தரையில் நிற்கும் மர நாற்காலி நல்லது. முக்கியமாக, கொட்டாவி, வாயில் உமிழ்நீர் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, இதில் ஒன்று வந்தாலும் உடனே கழற்றிவிடுங்கள். "இந்த ஒரு லேண்டிங் மட்டும்" என்று வீம்பு பிடித்து ஒருநாள் சாயங்காலம் முழுக்க நான் சாய்வு நாற்காலியில் இஞ்சி டீயோடு கிடந்தேன். வீம்பு பிடித்தால் உடம்பு ஹெட்செட்டின் வாசனைக்கே குமட்டப் பழகிவிடும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிறது, சிலருக்கு ஆவதே இல்லை. கழற்றிய உடனே மோட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். சிமுலேட்டரில் உட்கார்ந்த விமானி அன்றைக்கே நிஜ விமானம் ஓட்டக் கூடாது என்று சில இராணுவங்கள் விதியே வைத்திருக்கின்றன.

நம் ஊர் வெயில், ஈரம், இடி பற்றியும் சொல்லியாக வேண்டும். என் முதல் ஹெட்செட்டை மேற்குப் பக்கச் சன்னலோரம் லென்ஸ் மேலே பார்க்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். லென்ஸ் என்பது பூதக்கண்ணாடிதானே. உள்ளே போன மாலை வெயில் திரையில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு போட்டுவிட்டது. அதற்கு மருந்தே கிடையாது. எங்கே பறந்தாலும் வலப்பக்க வானத்தில் அந்தப் பொட்டு கூடவே வந்தது. அன்றிலிருந்து கழற்றியதும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை இரண்டு. பழைய கேமரா லென்ஸில் பூஞ்சை படர்ந்து பார்த்திருப்பீர்கள், அதே கதி இதற்கும் வரும். தகரக் கூரை அறையில் பகலில் போட்டால் வியர்வையில் லென்ஸ் மூடிவிடும், அதனால் காலை ஏழு மணிக்கு முன் அல்லது இரவு. இரவில் விளக்கை அணைக்கக் கூடாது, ஹெட்செட் தன்னைச் சுற்றியுள்ள அறையைக் கேமராவால் பார்த்துத்தான் தலை எங்கே இருக்கிறது என்று அறிகிறது. வீட்டில் யாராவது சிக்கனமாக விளக்கை அணைத்தால் விமானம் நடு வானில் தரையோடு சேர்ந்து ஆடும். மதியம் இடி இடித்தால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் மூன்று முள் பிளக்கையும் இணைய வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

இதில் பறப்பது பயிற்சிக் கணக்கில் சேருமா என்றும் மனதில் இருக்கும். வீட்டு ஹெட்செட் எந்த உரிமத்துக்கும் மணி நேரம் சேர்க்காது. ஆனால் வி.ஆர். தொழில்நுட்பமே விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதீர்கள். ஸ்விட்சர்லாந்தில் செய்த, ஆடும் மேடையோடு கூடிய ஒரு வி.ஆர். ஹெலிகாப்டர் பயிற்சிக் கருவிக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2021-இல் ஒப்புதல் தந்தது. அதுதான் இந்த வகையில் முதல்.

இன்னும் உறுதி வரவில்லை என்றால் காசே இல்லாமல் ஒரு சோதனை உண்டு. ஓப்பன்ட்ராக் என்று இலவச மென்பொருள். சாதாரண வெப்கேமராவால் உங்கள் தலை திரும்புவதைப் பார்த்து, திரையில் உள்ள காட்சியைத் திருப்பும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் காட்சி நிறையத் திரும்பும்படி வைக்கலாம். ஒரு மாதம் இதில் ஈப்போவைச் சுற்றுங்கள். தலையைத் திருப்பவே மாட்டேன், முன்கண்ணாடியும் கருவியும் போதும் என்ற ஆளாக நீங்கள் இருந்தால் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், 4,000 வெள்ளியும் மிஞ்சும். மூன்று திரையைவிட இது மேல் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்று திரை மேசையை அடைக்கும், கார்டைத் தின்னும், தோளுக்குப் பின்னால் இருப்பதை அப்போதும் காட்டாது.

கடைசியாக உங்கள் அப்பா. கோலாலம்பூரிலிருந்து திருச்சி நிஜத்தில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். குவெஸ்ட் 3-இன் பேட்டரியே இரண்டு மணி நேரம் சொச்சம்தான், அவர் கழுத்து அதுவும் தாங்காது. பறந்து போக வேண்டாம், திருச்சியிலேயே ஆரம்பியுங்கள். காற்றில்லாத விடியற்காலை, 2,000 அடி, செஸ்னா. விமானத்தைத் தானாக ஓட்டும் தானியங்கியைப் போட்டு நேராக விடுங்கள், திரும்பினால் சன்னமாகத் திருப்புங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவு கிடக்கும். கோயிலின் ஏழு சுற்று மதில்களும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டம் போட்டது செயற்கைக்கோள் படத்தில் நன்றாகத் தெரியும். ஆனால் ராஜகோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள். 1987-இல் கட்டி முடித்த 236 அடிக் கோபுரம் சிமுலேட்டரில் ஏதோ ஓர் அடுக்குமாடி வீடாகக்கூட நிற்கலாம். "இதுவா சீரங்கம்?" என்று அவர் கேட்டால் முகம் வாடாமல் இருக்கத் தயாராகுங்கள்.

என் யோசனை, திருச்சிக்கு முன்னால் நம் ஊரைக் காட்டுங்கள். ஈப்போவிலிருந்து கிளம்பி வடக்கே சில நிமிஷம்தான். ரயில் பாதை, குன்றுகள், அப்புறம் கோலகங்சார் பக்கம் வளைந்து போகும் பேராக் ஆறு. என் மாமனாரை இப்படி உட்காரவைத்தேன், வயது 74, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட இடத்தை மேலிருந்து பார்த்து, ஆற்று வளைவை வைத்தே "இங்கேதான் நம் லயம்" என்று கையை நீட்டினார். நீட்டிய கை என் மூக்கில் பட்டது. எட்டு நிமிஷத்தில் கழற்றிவிட்டேன், போதும். உங்கள் அப்பாவுக்கு இரத்த அழுத்தமோ வலிப்போ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே வந்து என்னுடையதைப் போட்டுப் பாருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். பசியாறலை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.